ரயில் தொட்ட ஊர், ரயில் விட்ட ஊர்: கேன்சஸ் சிற்றூர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ஊர் கண்ணில் படுவதற்குப் பத்து நிமிடம் முன்பே அதன் எலிவேட்டர் கண்ணில் பட்டுவிடும். மாடி ஏறும் லிஃப்ட் இல்லை இது. கோதுமையை வாளிப் பட்டையால் உச்சிக்குத் தூக்கிக் கொட்டிச் சேமிக்கும் குதிர். நூறடிக்கு மேல் உயரமான வெள்ளைக் கான்கிரீட் உருளைகள் வரிசையாக நிற்கும். அதன் காலடியில் தண்டவாளம் ஓடும், இல்லாவிட்டால் ஓடிய தடமாவது இருக்கும். அங்கிருந்து கிளம்புவதுதான் மெயின் ஸ்ட்ரீட். தெருவின் மறு முனையிலோ நடுச் சதுக்கத்திலோ கோர்ட்டுக் கட்டடம் தெரிந்தால் அந்த ஊர் கவுண்டியின், அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவின், தலைமையிடம். குதிர், தண்டவாளம், கோர்ட்டு மூன்றும் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்தாலே அந்த ஊர் ஏன் பிழைத்தது, ஏன் தேய்ந்தது என்பது பாதி விளங்கிவிடும்.

ஓவர்லேண்ட் பார்க்கிலோ விச்சிட்டாவிலோ குடியிருக்கும் நம்மவர்கள் டென்வருக்குப் போகும்போது ஐ-70 வழியாக மாநிலத்தை ஒரே மூச்சில் கடந்துவிட்டு, "ஒண்ணுமே இல்லப்பா" என்று சொல்வதுண்டு. நெடுஞ்சாலையில் போனால் அப்படித்தான் தெரியும். வரலாறு இருப்பது யு.எஸ். 36, யு.எஸ். 24, யு.எஸ். 50, யு.எஸ். 56 ஆகிய இருவழிச் சாலைகளில். ஒரு நாளைக்கு இருநூறு மைல், மூன்று ஊர் என்று வைத்துக்கொண்டால் நிதானமாகப் பார்க்கலாம். ஐந்து ஊர் என்று திட்டமிட்டால் நான்காவது ஊரில் அருங்காட்சியகக் கதவு பூட்டியிருக்கும்.

ஊர்களுக்கு முன்னால் நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 1854ல் கேன்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் இந்தப் பகுதியைக் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டது. அதன்பின் அரசு அளவையாளர்கள் மண்ணின் மேல் கட்டம் போட்டார்கள். வடக்கு எல்லையான 40ஆம் அட்சரேகை அடிக்கோடு. தெற்கு வடக்காக ஓடும் ஆறாவது முதன்மை மெரிடியன் குத்துக்கோடு. விச்சிட்டாவின் மெரிடியன் அவென்யூவுக்குப் பெயர் தந்தது இந்தக் கோடுதான். இவற்றிலிருந்து ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரமாகப் பிரித்தால் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷன் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டவருக்குக் கிடைத்தது இந்தக் கால் செக்‌ஷன்.

செக்‌ஷன் எண்கள் ஏர் உழுவதைப் போல மடங்கி மடங்கி வரும். வடகிழக்கு மூலையில் 1 தொடங்கி மேற்கே 6 வரை போகும். 6க்கு நேர் கீழே 7, அங்கிருந்து கிழக்கே 12 வரை திரும்பும். இப்படியே போய்த் தென்கிழக்கு மூலையில் 36ல் முடியும். பத்திரத்தில் "செக்‌ஷன் 14ன் வடகிழக்குக் கால், டவுன்ஷிப் 12 தெற்கு, ரேஞ்ச் 18 மேற்கு" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டவுன்ஷிப் 12 என்றால் அடிக்கோட்டிலிருந்து 66 மைலுக்கும் 72 மைலுக்கும் இடைப்பட்ட பட்டை. ரேஞ்ச் 18 என்றால் மெரிடியனுக்கு மேற்கே 102க்கும் 108க்கும் இடையில். அந்தச் சதுரத்துக்குள் 14 இருப்பது மூன்றாவது வரிசையில், கிழக்கிலிருந்து இரண்டாவதாக. ஹேஸ் நகருக்குப் பக்கத்தில் விரலை வைத்துவிடலாம். கேன்சஸ் முழுவதும் அடிக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் டவுன்ஷிப் எப்போதும் "தெற்கு"தான். ரேஞ்சில்தான் கிழக்கா மேற்கா என்று பார்க்க வேண்டும். பத்திரத்தைப் படியெடுக்கும்போது அந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டால் இருநூறு மைல் தள்ளி வேறொருவர் வயலில் போய் நிற்க நேரும்.

பூமி உருண்டை, கட்டமோ சதுரம். வடக்கே போகப் போக மெரிடியன்கள் நெருங்கிவிடும். அதனால் கேன்சஸில் முப்பது மைலுக்கு ஒரு திருத்தக் கோடு போட்டு, அங்கே கட்டத்தைப் புதிதாகத் தொடங்கினார்கள். அந்த இடங்களில் தெற்கு வடக்காக நேரே ஓடிவந்த மண்சாலை சட்டென்று முடிந்து, இடப்பக்கமோ வலப்பக்கமோ கொஞ்சம் விலகி மறுபடி தொடரும். பகலில் வேடிக்கை, இரவில் ஆபத்து. மைல் கணக்கில் வளைவே பார்க்காத ஓட்டுநர் ஐம்பது மைல் வேகத்தில் நேரே வரப்புக்குள் இறங்கிவிடுவார். சரளைச் சாலையில் 35, மிஞ்சினால் 40 மைலுக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. மேடு ஏறும்போது வலப்பக்கம் ஒட்டியே ஏறுங்கள். எதிரே அறுவடை வண்டி சாலையின் முழு அகலத்துக்கும் வரக்கூடும். "மினிமம் மெயின்டெனன்ஸ்" என்ற பலகை கண்டால், மழை பெய்து இரண்டு நாள் ஆகாதவரை உள்ளே நுழையவே வேண்டாம். அது வெறும் களிமண். சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் இறுகி, காரை அப்படியே நிறுத்திவிடும். நான்கு சக்கர இழுவை இருந்தாலும் இதே கதிதான்.

சரி, ஊருக்கு வருவோம்.

தெருக்கள் திசைகாட்டிக்கு நேராக, கட்டத்தோடு கட்டமாக இருந்தால் அந்த மனையைப் போட்டவர் பெரும்பாலும் ஒரு தனியாரோ நிலக் கம்பெனியோ. தெருக்கள் கோணலாக, தண்டவாளத்துக்கு இணையாகச் சாய்ந்திருந்தால் ரயிலுக்காகப் போட்ட ஊர். சில ஊர்களில் பழைய பகுதி ஒரு கோணத்திலும் புதிய பகுதி வேறு கோணத்திலும் இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் முக்கோணமாக ஒரு துண்டு மனை கிடக்கும், அதில் பெட்ரோல் பங்க் இருக்கும். ரயில் ஊர்கள் ஏழு முதல் பத்து மைல் இடைவெளியில் வருவதும் தற்செயல் இல்லை. நீராவி எஞ்சினுக்கு அடிக்கடி தண்ணீர் வேண்டும். குதிரை வண்டியில் தானியம் ஏற்றிய விவசாயி காலையில் கிளம்பி மாலைக்குள் வீடு திரும்பவும் வேண்டும். லாரி வந்தபிறகு இந்த இரண்டு காரணமும் போய்விட்டன. பத்து மைலுக்கு ஓர் ஊர் தேவைப்படாமல் போனதால்தான் இத்தனை ஊர்கள் காலியாகக் கிடக்கின்றன.

ரயில் விட்டுவிட்டுப் போன ஊருக்கு நிக்கோடிமஸைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 1877ல் கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பினத்தவர், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டுப் பன்னிரண்டே ஆண்டு ஆனவர்கள், கிரஹாம் கவுண்டியில் மரமே இல்லாத புல்வெளியில் இந்த ஊரை நிறுவினார்கள். விளம்பரத் தாள் சொன்ன செழிப்பு எதுவும் அங்கே இல்லை. மண்ணைக் குடைந்து பாதிக்குழி வீடுகளில் முதல் குளிர்காலத்தைக் கழித்தார்கள். பத்து ஆண்டில் தேவாலயங்கள், பள்ளி, கடைகள், செய்தித்தாள் என்று ஊர் தலையெடுத்தது. எட்வர்ட் மெக்கேப் என்ற நிக்கோடிமஸ்காரர் 1882ல் மாநிலத் தணிக்கையாளராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1887ல் மிசோரி பசிபிக் ரயிலை இழுக்க 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு ஊர் வாக்களித்தது. ரயில் வரவில்லை. அடுத்த ஆண்டு யூனியன் பசிபிக் பாதை சாலமன் ஆற்றுக்குத் தெற்கே போட்டுக்கொண்டு போனது. அங்கே போக் என்ற ஊர் முளைத்தது. நிக்கோடிமஸ் வணிகர்கள் கடைகளைப் பெயர்த்துக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். இன்று நிக்கோடிமஸில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மக்கள். 1996 முதல் அது தேசிய வரலாற்றுத் தலம். சுண்ணக்கல்லில் கட்டிய டவுன்ஷிப் ஹாலில் பூங்கா சேவையின் தகவல் மையம் இருக்கிறது. ஜூலைக் கடைசி வாரத்தில் போனால் ஊரை ஊராகப் பார்க்கலாம். வெளியூர்களில் வாழும் வழித்தோன்றல்கள் விடுதலை விழாவுக்குத் திரும்பி வருவார்கள். அந்த நாள்களில் பக்கத்து ஊர்களிலும் விடுதி அறை கிடைப்பது கடினம்.

இதற்கு நேர் எதிர் காட்டன்வுட் ஃபால்ஸ். சான்டா ஃபே ரயில் இந்த ஊரையும் தொடவில்லை, இரண்டு மைல் வடக்கே இன்றைய ஸ்ட்ராங் சிட்டி வழியாகப் போனது. ஆனால் கோர்ட்டு இங்கே இருந்தது. 1873ல் கட்டிய சேஸ் கவுண்டி கோர்ட்டு இன்றும் கோர்ட்டாகவே இயங்குகிறது. கேன்சஸில் பயன்பாட்டில் உள்ளவற்றில் அதுதான் பழையது. உள்ளூர்ச் சுண்ணக்கல், செங்குத்தாகச் சரியும் மான்சார்ட் கூரை, உள்ளே வால்நட் மரத்தில் சுழன்றேறும் மாடிப்படி. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரில் செங்கல் பாவிய அகலமான தெருவின் முடிவில் இப்படி ஒன்று நிற்கிறது. பத்திரம் பதிய, வரி கட்ட, வழக்குக்கு என்று கவுண்டி முழுவதும் இங்கே வந்தாக வேண்டியிருந்தது. அந்த வரத்துதான் ஊரைக் காப்பாற்றியது.

கோர்ட்டு என்றால் உயிர் என்பதால் அதற்காக அடிதடி நடந்தது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. கேன்சஸில் 105 கவுண்டிகள். கிரே கவுண்டியில் சிமரானும் இங்கல்ஸும் தலைமையிடத்துக்கு மோதின. இங்கல்ஸின் பின்னால் ஏசா சோல் என்ற மருந்து வியாபாரி, கசப்பு டானிக் விற்றுப் பணம் குவித்தவர், நின்றார். 1889 ஜனவரி 12 அன்று இங்கல்ஸ் தரப்பு டாட்ஜ் சிட்டி துப்பாக்கிக்காரர்களைக் கூலிக்கு அழைத்துக்கொண்டு சிமரானுக்குள் புகுந்து கவுண்டிப் பதிவேடுகளை வண்டியில் ஏற்றியது. சிமரான்காரர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். கோர்ட்டுக்குள் சிக்கிய கூலிக்காரர்களில் புகழ்பெற்ற துப்பாக்கி வீரர் பேட் மாஸ்டர்சனின் தம்பி ஜிம்மும் ஒருவர். சில ஆண்டுகளில் தலைமையிடம் சிமரானுக்கே திரும்பியது. இரண்டு ஊரும் ஆறேழு மைல் இடைவெளியில் யு.எஸ். 50ல் இருக்கின்றன. அடுத்தடுத்துப் பார்த்தால் கோர்ட்டின் எடை என்னவென்று புரியும்.

பிற்காலத்தில் அதே இடத்தைப் பள்ளி பிடித்துக்கொண்டது. 1963ல் மாநிலம் பள்ளி நிர்வாகங்களை ஒன்றிணைத்தபோது பல சிற்றூர்கள் உயர்நிலைப் பள்ளியை இழந்தன. வெள்ளிக்கிழமை இரவு கால்பந்து ஆட்டம் எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊரில் இன்னும் மளிகைக் கடை இருக்கும். பூட்டிய பள்ளிக் கட்டடத்தைப் பார்த்தால், மெயின் ஸ்ட்ரீட் எப்படி இருக்கும் என்று போய்ப் பார்க்கத் தேவையில்லை.

கௌபாய் ஊர்களைப் பற்றி எச்சரிக்கை ஒன்று. அபிலீனுக்கு 1867ல் ரயில் வந்தது. இலினாயிலிருந்து வந்த ஜோசப் மெக்காய் அங்கே மாட்டுப் பட்டிகள் கட்டி, டெக்ஸஸிலிருந்து சிஷம் தடத்தில் ஓட்டிவந்த மாடுகளைக் கிழக்கே ரயிலேற்றினார். அந்த ஆட்டம் ஐந்தே பருவம். 1871ல் துப்பாக்கிக்குப் பேர்போன வைல்ட் பில் ஹிகாக் அங்கே மார்ஷல், அதாவது ஊர்க் காவல் தலைவர். 1872ல் ஊராரே "எங்கள் பக்கம் வரவேண்டாம்" என்று டெக்ஸஸ்காரர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். எல்ஸ்வொர்த், நியூட்டன், விச்சிட்டா, கடைசியாக டாட்ஜ் சிட்டி என்று வியாபாரம் தெற்கும் மேற்குமாக நகர்ந்துகொண்டே போனதற்குச் சண்டை சச்சரவு ஒரு காரணம்தான். பெரிய காரணம் டெக்ஸஸ் காய்ச்சல். தெற்கத்தி மாடுகள் திடமாக நடந்துவரும், அவை மேய்ந்த புல்லில் மேய்ந்த உள்ளூர் மாடுகள் செத்து விழும். உண்ணி பரப்பும் நோய் என்று தியோபால்ட் ஸ்மித் குழு நிறுவியது 1890களின் தொடக்கத்தில்தான். அதுவரை சட்டமன்றத்துக்குத் தெரிந்த ஒரே மருந்து கோடு கிழிப்பது. கோதுமை விவசாயிகள் மேற்கே பரவப் பரவத் தடைக்கோடும் மேற்கே போனது. 1885ல் மாநிலம் முழுவதும் மூடப்பட்டது. அபிலீனே முதல் கோட்டுக்கு உள்ளே, அதாவது தடைப் பகுதியில்தான் இருந்தது. கண்டும் காணாமல் விட்டுவிட்டார்கள். டாட்ஜ் சிட்டியில் இன்று பார்க்கும் ஃப்ரன்ட் ஸ்ட்ரீட் மறுபடி கட்டிய நகல் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. அபிலீனில் நேரம் குறைவென்றால் கௌபாய்த் தெருவை விட்டுவிட்டு பின்னாளில் அதிபரான ஐசன்ஹோவர் வளர்ந்த சிறு வீட்டைப் பாருங்கள். ஆறு பையன்கள் அதற்குள் எப்படிப் படுத்தார்கள் என்று கணக்குப் போட்டாலே பொழுது போகும்.

மேற்கே ஹேஸ், ரஸல், லா கிராஸ் பக்கம் போகும்போது வேலிக் கம்பங்களைக் கவனியுங்கள். மரம் இல்லாத நாட்டில் கல்லையே கம்பமாக நட்டார்கள். மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே எட்டு, ஒன்பது அங்குலக் கனத்தில் சீரான சுண்ணக்கல் அடுக்கு ஒன்று மைல் கணக்கில் படுத்திருக்கிறது. நடுவில் துருவேறிய ஒரு பழுப்புக் கோடு ஓடும், அதுதான் அடையாளம். மண்ணை விலக்கிவிட்டு, வேண்டிய அகலத்தில் நேர்க்கோடாக வரிசையாகத் துளையிடுவார்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு இரும்புத் தகடுகளைச் செருகி, நடுவில் ஓர் ஆப்பு வைப்பார்கள். பிறகு முதல் ஆப்பில் ஒரு தட்டு, அடுத்ததில் ஒரு தட்டு, கடைசிவரை போய்த் திரும்ப முதலிலிருந்து. அவசரப்பட்டு ஒரே ஆப்பை ஓங்கி அடித்தால் கல் குறுக்கே உடைந்து வீணாகும். வரிசை தவறாமல் தட்டிக்கொண்டு போனால் கல்லின் ஒலி மாறி, கோட்டோடு பிளந்துகொள்ளும். நிலத்திலிருந்து எடுத்த புதிதில் இந்தக் கல் மிருதுவாக இருக்கும், காற்றுப் பட்டு உலர உலர இறுகும். அதனால் பச்சையாக இருக்கும்போதே பிளந்து, முள்கம்பி தங்குவதற்கு விளிம்பில் காடி வெட்டிவிடுவார்கள். ஐந்தாறு அடி நீளக் கம்பம் 350 முதல் 450 பவுண்டு எடை. நூறாண்டு கடந்தும் சாயாமல் நிற்கிறவை ஏராளம். லா கிராஸில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம், பக்கத்திலேயே முள்கம்பிக்கு இன்னொன்று. வில்சனிலிருந்து லூகஸ் வரை கே-232 சாலை பதினெட்டு மைலுக்கு இந்தக் கம்பங்களின் ஊடாகப் போகிறது. சாலையோரம் கிடக்கும் கம்பத்தை நினைவுப்பொருளாக எடுக்க நினைக்க வேண்டாம்; வேலி தனியார் சொத்து.

லூகஸில் டின்ஸ்மோர் என்ற உள்நாட்டுப் போர் வீரர் 1907 முதல் கட்டிய "ஏதேன் தோட்டம்" இருக்கிறது. கல்லை மரக்கட்டை போலச் செதுக்கிக் கட்டிய வீடு, சுற்றிலும் ஆகாயத்தில் தொங்கும் சிமென்ட் உருவங்கள். கல்லறைக்குள் அவருடைய உடலைக் கண்ணாடி வழியாகக் காட்டுவார்கள். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அதே கல்லில் எழுந்ததுதான் விக்டோரியா ஊரின் புனித ஃபிடெலிஸ் ஆலயம், 1908ல் தொடங்கி 1911ல் முடித்தது. ரஷ்யாவின் வோல்கா கரையிலிருந்து 1876ல் வந்த ஜெர்மன் கத்தோலிக்கர்கள் கட்டியது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு உறுப்பினரும் ஆண்டுக்கு 45 டாலரும் ஆறு வண்டிக் கல்லும் தரவேண்டும் என்று வரி போட்டார்கள். 141 அடிக் கோபுரங்கள் இரண்டு ஐ-70லிருந்தே தெரியும். நெடுஞ்சாலையைவிட்டு இறங்கினால் சில நிமிடத் தூரம்தான்.

ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த இன்னொரு கூட்டம் மென்னோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். 1874ல் மரியன், மெக்பர்சன், ஹார்வி கவுண்டிகளில் குடியேறினார்கள். அவர்களோடு பெயர் சேர்ந்துவிட்ட டர்க்கி ரெட் கோதுமைதான் கேன்சஸைக் கோதுமை நாடாக்கியது. இலையுதிர்காலத்தில் விதைத்து ஜூனில் அறுப்பது. கோடை வறட்சி வருவதற்குள் அறுவடை முடிந்துவிடும், சூட்சுமம் அவ்வளவுதான். மணி கடினமானது என்பதால் பழைய கல் திரிகைகள் திணறின. எஃகு உருளை ஆலைகள் வந்தபிறகே விலை நிமிர்ந்தது. கெசல், ஹில்ஸ்பரோ, நியூட்டன் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். உணவகத்தில் வெரெனிக்கா கேட்டுப் பாருங்கள், பாலாடைக்கட்டி வைத்த கொழுக்கட்டை மாதிரி. மேலே ஊற்றும் குழம்பில் பன்றி இறைச்சி இருக்கும், சைவர்கள் குழம்பு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வோல்கா ஜெர்மானியரின் பியராக் என்பது மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் அடைத்த பன். காய்கறி பன் என்று நினைத்துவிடாதீர்கள்.

கிழக்குப் பகுதியின் வரலாறு வேறு நிறம். அடிமை மாநிலமா, சுதந்திர மாநிலமா என்ற சண்டை உள்நாட்டுப் போருக்கு ஏழாண்டு முன்பே இங்கே தொடங்கிவிட்டது. லெகாம்ப்டனில் அடிமைத்தரப்பு 1857ல் அரசியல் சட்டம் எழுதிய கட்டடம் அப்படியே நிற்கிறது. ஆசவாட்டமியில், அடிமைமுறையை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் தங்கிய அடேர் குடிசையைக் கூரைக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்கள். லாரன்ஸ் 1863 ஆகஸ்ட் 21 அன்று அடிமைத்தரப்புக் குவான்ட்ரில் கும்பலால் எரிக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1861 ஜனவரி 29 அன்று, கேன்சஸ் சுதந்திர மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டது. இந்த மூன்று இடங்களையும் ஒரே நாளில் சுற்றிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் முன்பு நிலம் கான்சா, ஓசேஜ், பானி மக்களுடையது. மாநிலத்தின் பெயரே கான்சாவிலிருந்து வந்தது; அவர்களைக் "கா" என்றும் சொல்வார்கள். கவுன்சில் குரோவில் 1825ல் ஓசேஜ் தலைவர்களிடம் சான்டா ஃபே தடம் என்ற வணிகப் பாதைக்கு வழி கேட்டு ஒப்பந்தம் போட்டார்கள், ஊரின் பெயர் அதிலிருந்து. 1851ல் கட்டிய கா மிஷன் பள்ளி அங்கேயே இருக்கிறது. 1873ல் கா மக்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் புனிதமாகக் கருதும் பெருஞ்சிவப்புப் பாறையை 1929ல் லாரன்ஸ் நகரம் தன் பூங்காவுக்குக் கொண்டுபோய் நினைவுச்சின்னமாக்கியிருந்தது. 2024ல் அது திரும்பி வந்து, கவுன்சில் குரோவ் அருகே கா மக்களுக்குச் சொந்தமான அலெகவாஹோ பூங்காவில் வைக்கப்பட்டிருக்கிறது. ஊரின் மற்றச் சின்னங்களையும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். நான் சொல்வேன், இதை முதலில் பாருங்கள்.

அங்கிருந்து தெற்கே கே-177ல் காட்டன்வுட் ஃபால்ஸ் வரும் வழி ஃப்ளின்ட் ஹில்ஸ். மேல்மண் சில அங்குலம்தான், கீழே சக்கிமுக்கிக் கல் கலந்த சுண்ணக்கல். கலப்பை இறங்காததால் உயர்புல்வெளி தப்பியது. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பண்ணையார்கள் புல்லைக் கொளுத்துவார்கள். பழைய சருகு போய், மாடுகளுக்கு இளம்புல் வரவும், செடார் மரக் கன்றுகள் தலையெடுக்காமல் இருக்கவும். இரவில் குன்றுகளில் நெருப்புக்கோடு ஊர்வதைப் பார்க்க அழகு. புகை சாலையை மூடினால் விளக்கைப் போட்டு வேகத்தைக் குறையுங்கள், சாலையின் மேலேயே வண்டியை நிறுத்தாதீர்கள். ஸ்ட்ராங் சிட்டிக்கு வடக்கே உள்ள தேசியப் புல்வெளிக் காப்பகத்தில் நடைபாதை காட்டெருமைகள் மேயும் இடத்துக்குள்ளேயே போகிறது. நூறு கஜத்துக்குக் குறையாமல் விலகி நடக்க வேண்டும். வால் நிமிர்ந்தால் திரும்பிவிட வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட நிலத்தின், குடும்பத்தின், ஊரின் வரலாற்றைத் தோண்ட விரும்புகிறவர்களுக்கு வழி இது. முதலில் கூட்டாட்சி நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் எண் கொடுத்து முதல் பட்டாவைத் தேடுங்கள். இலவசம். தேடியது கிடைக்கவில்லை என்றால் செக்‌ஷன் எண் ஒற்றைப்படையா என்று பாருங்கள். ரயில் பாதையின் இருபுறமும் ஒற்றைப்படைச் செக்‌ஷன்களை அரசு ரயில் கம்பெனிக்குக் கொடுத்தது. அதை வாங்கிய விவசாயி பெயர் அரசுப் பட்டாவில் வராது, கம்பெனி பெயர்தான் வரும். 16, 36 இரண்டும் பள்ளிக்கு ஒதுக்கியவை, அவற்றுக்கும் அப்படியே. ஹோம்ஸ்டெட் காரர் என்று குடும்பக் கதை சொல்லும், பட்டா இருக்காது. கதை பொய்யென்று முடிவுகட்டுவதற்கு முன் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

அடுத்து கவுண்டி கோர்ட்டில் பத்திரப் பதிவாளர் அலுவலகம். அங்கே "நியூமெரிக்கல் இன்டெக்ஸ்" என்று கேளுங்கள். நம்மூரில் வில்லங்கம் பார்ப்பதைப் போலத்தான், ஒரு கால் செக்‌ஷனில் நடந்த எல்லாக் கைமாற்றமும் ஒரே பக்கத்தில் வரிசையாக இருக்கும். விற்றவர் பெயர்ப் பட்டியலில் தொடங்கினால் ஒரு நாள் போய்விடும். டவுன்ஷிப்பின் வடக்கு, மேற்கு ஓரச் செக்‌ஷன்களில் கால் பங்குக்குப் பதில் "லாட்" என்று எண்ணிட்டிருக்கும். அளவையில் வந்த மிச்சத்தையும் குறைவையும் அந்த ஓரங்களில் தள்ளியதால் 160 ஏக்கர் சரியாக வராது. பதிவேட்டில் பிழை என்று எண்ணிவிட வேண்டாம்.

செய்தித்தாள்கள் பெரும் புதையல். டொபீகாவில் உள்ள கேன்சஸ் வரலாற்றுச் சங்கத்தைப் பத்திரிகை ஆசிரியர்களே 1875ல் தொடங்கினார்கள், அதனால் மாநிலத்தின் இதழ்கள் ஏறக்குறைய முழுமையாகச் சேர்ந்திருக்கின்றன. முந்நூறு பேர் ஊரில் மூன்று செய்தித்தாள் ஏன் நடந்தது என்று வியக்கத் தோன்றும். குடியேறியவர் பட்டா கேட்கும்போது, சாட்சிகள் பெயரோடு செய்தித்தாளில் கட்டணம் கட்டி அறிவிப்பு வெளியிட வேண்டும் என்று 1879 முதல் சட்டம். அந்தக் காசில்தான் பல தாள்கள் பிழைத்தன, பட்டாக்கள் தீர்ந்ததும் அவையும் தீர்ந்தன. ஆய்வாளருக்கு அந்த அறிவிப்பே பொன். நான்கு சாட்சிகளும் பெரும்பாலும் அக்கம்பக்கத்தவர். செய்திப் பகுதியை மட்டும் நம்ப வேண்டாம். ஆசிரியருக்கு ஊரில் மனை இருக்கும். மனை விலை ஏற வேண்டுமென்றால் அந்த ஊரில் எல்லா மழையும் நல்ல மழை. 1890ஆம் ஆண்டின் கூட்டாட்சி மக்கள்தொகைக் கணக்குத் தீயில் போனதால் மற்ற மாநிலங்களில் இருபதாண்டு இடைவெளி விழும். கேன்சஸ் 1925 வரை ஐந்தில் முடியும் ஆண்டுகளில் தானே கணக்கெடுத்தது. 1885, 1895 பதிவுகள் அந்தப் பள்ளத்தை நிரப்பும்.

நேரம் பற்றி. சிற்றூர் உணவகங்கள் பலவும் மதியம் இரண்டுக்கு மூடிவிடும், திங்களன்று திறப்பதே இல்லை. அருங்காட்சியகங்களைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். கதவில் தொலைபேசி எண் ஒட்டியிருந்தால் கூச்சப்படாமல் கூப்பிடுங்கள், சாவியோடு ஒருவர் வருவார். பெரும்பாலும் அவர்தான் ஊரிலேயே அதிகம் தெரிந்தவர். மேற்கே பெட்ரோல் அரை டேங்குக்குக் கீழே போக விடாதீர்கள். கொலராடோ எல்லையை ஒட்டிய நான்கு கவுண்டிகள், ஷெர்மன், வாலஸ், கிரீலி, ஹாமில்டன், ஒரு மணி நேரம் பின்தங்கிய மவுன்டன் நேரத்தில் இருக்கின்றன. டர்ன்பைக் என்ற கட்டணச் சாலையில் 2024 ஜூலை முதல் சுங்கச்சாவடியில் காசு வாங்குவதில்லை, எண்பலகையைப் படம்பிடித்துக் கட்டணம் அனுப்புவார்கள். வாடகைக் கார் என்றால் அந்தக் கம்பெனி தன் பங்குக்குக் கூடுதல் கட்டணம் போடுமா என்று எடுக்கும்போதே கேளுங்கள்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை சூறாவளிக் காலம். "வாட்ச்" என்றால் சூழ்நிலை கூடியிருக்கிறது, எங்கே ஒதுங்கலாம் என்று பார்த்துவையுங்கள். "வார்னிங்" என்றால் உடனே ஒதுங்க வேண்டும். நிலத்தடி அறை உள்ள கட்டடம், இல்லாவிட்டால் சன்னல் இல்லாத உள்ளறை. மேம்பாலத்துக்கு அடியில் மட்டும் ஒளியாதீர்கள். 1991ல் எல் டொராடோ அருகே மேம்பாலத்தின் கீழ் சிலர் தப்பியதைக் காட்டும் காணொளி உலகெங்கும் பரவி, அது பாதுகாப்பான இடம் என்ற நம்பிக்கையை விதைத்துவிட்டது. காற்று அங்கே குறுகி இன்னும் வேகமெடுக்கும், பறந்துவரும் பொருள்களுக்கு நேர் இலக்காகிவிடுவோம்.

காற்று என்ன செய்யும் என்று பார்க்க கிரீன்ஸ்பர்க் போகலாம். 2007 மே 4 இரவு ஒன்றே முக்கால் மைல் அகலச் சூறாவளி ஊரின் 95 சதவீதத்தைத் துடைத்துப் போட்டது. மறுபடி கட்டும்போது நகராட்சிக் கட்டடங்களை உயர்ந்த பசுமைத் தரத்தில் கட்டினார்கள், மின்சாரத்துக்குக் காற்றாலை. சுமார் 1,400 ஆக இருந்த மக்கள்தொகை 2020 கணக்கில் 740. இந்த ஊர் 1887ல் ரயிலை நம்பிக் கையாலேயே ஒரு கிணறு தோண்டியது. 109 அடி ஆழம், 32 அடி விட்டம், சுற்றிலும் கல்கட்டு. சூறாவளி கிணற்றை ஒன்றும் செய்யவில்லை, மேலே இருந்த அருங்காட்சியகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. 2012ல் திறந்த புதிய கட்டடத்தில் சுழல்படிகள் கிணற்றுக்குள் இறங்குகின்றன. ஆகஸ்டு வெயிலிலும் உள்ளே குளிரும், ஒரு மேல்சட்டை கையில் இருக்கட்டும்.